கண்ணாடிக்குள் ஒரு காவிரி

மீன் தொட்டி என்றாலே அது பணக்காரர் வீட்டு ஹாலுக்கும் டாக்டர் கிளினிக்குக்கும்தான் சரிப்படும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் முதலாண்டு இயற்பியலும் வேதியியலும் படித்தவனுக்கு (அரியர் இருந்தாலும் பரவாயில்லை!) இரண்டடித் தொட்டி ஒன்றைப் பார்த்துக்கொள்வது பெரிய வித்தை இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வருஷமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தொட்டி. சின்னதாக வாங்கினால் சுலபம் என்பார்கள். நம்பாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். அண்டாத் தண்ணீர் நிதானமாகத்தான் மாறும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் என்று எடுத்தால் 54 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டும் 54 கிலோ. கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் எழுபதைத் தாண்டும். ஆகவே டி.வி. ஸ்டாண்டு, பிளாஸ்டிக் ஸ்டூல் இவற்றின் மேலெல்லாம் வைக்கக் கூடாது.

மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியில் நீரின் அழுத்தம் 1000 × 9.81 × 0.3, அதாவது சுமார் 2943 பாஸ்கல். மேலே பூஜ்யம். சராசரி 1471. முன் கண்ணாடியின் பரப்பு 0.18 சதுர மீட்டர். பெருக்கினால் 265 நியூட்டன், ஏறக்குறைய 27 கிலோ எடை அந்தக் கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அரை மூட்டை சிமெண்ட்! இதில் வேடிக்கை என்னவென்றால், தொட்டியின் அகலத்தை இரு மடங்கு ஆக்கினாலும் முன் கண்ணாடியின் மேல் விசை அதேதான். உயரத்தை இரு மடங்கு ஆக்கினால் நான்கு மடங்கு ஆகிவிடும். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் அடிப்பாகம் ஏன் அவ்வளவு அகலம் என்பதற்கும் இதுதான் பதில். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை போடுங்கள். மேடு பள்ளம் இருந்தால் அது வாங்கிக்கொள்ளும், கண்ணாடி விரிசல் விடாது.

மணலுக்கு, தெருவில் யாராவது வீடு கட்டிய மிச்சம் ஆற்று மணல் இருந்தால் கேட்டு வாங்கி, அலசின தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கல், முனை கூர்மையாக இருக்கும். அழகுக்கு என்று கல் போடுகிறவர்கள் அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கவும். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். நம் பக்கம் கல்லக்குடி, அரியலூரில் அதற்குப் பஞ்சமில்லை. சிமெண்டுக்கு நல்லது, தொட்டியில் போட்டால் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச்.-ஐயும் ஏற்றிவிடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. நமக்கு அது காவல், மீனின் செவுளுக்கு அது அமிலம் மாதிரி. அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்து. அதில் இருப்பது பழைய ஸ்டுடியோக்காரர்களின் ஹைப்போ, சோடியம் தயோசல்பேட்தான். செம்புக் குடத்தில் பிடித்த தண்ணீர் மட்டும் கூடாது. செம்பு மீனுக்கும் நத்தைக்கும் விஷம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புதிதாக வந்த மருமகள் ஆசைப்பட்டுத் தொட்டி வாங்கி வைத்தார். அழகாக ஆறு மீன். மூன்றாவது வாரத்திற்குள் ஒவ்வொன்றாக ஆறும் மிதந்துவிட்டன. உடனே என்ன பேச்சு? "வந்தவ ராசி அப்படி." அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. நான் பாலிடெக்னிக் போகிறவன் என்பதால் தெருவில் ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மோட்டார் ரிப்பேரா பார் என்று கூப்பிட்ட இடத்தில்தான் இதைக் கேட்டேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். ஆற்றிலும் குளத்திலும் இதைத் தின்பதற்கென்றே பாக்டீரியா உண்டு. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி மண்ணில் இதைக் கண்டுபிடித்தார். அம்மோனியா கொடிய விஷம். நைட்ரைட்டும் விஷம்: ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சு வாங்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. செடிகளுக்கு அது உரம்.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதுமான அளவு கிடையாது. வளர்ந்து முழுமையாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் பத்து நாளில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். இரண்டாவது, மூன்றாவது வாரம் எமகண்டம்! அந்த வீட்டில் மீன் செத்த தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் இந்தக் கிராஃப் அப்படியே வருகிறது. நம் ஊர் நீரின் பி.எச். 7-ஐத் தாண்டி 8-ஐத் தொட்டால் நிலைமை இன்னும் மோசம்: 25 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் விஷமான பங்கு 7-ல் அரை சதவீதம் என்றால் 8-ல் ஐந்து சதவீதத்துக்கு மேல்.

இதையெல்லாம் மாமியாரிடம் எப்படிச் சொல்வது? "பாட்டி, உறை ஊத்தாம பால் தயிராகுமா?" என்று கேட்டேன். "அதெப்படி ஆகும்?" என்றார்கள். "இந்தத் தொட்டிக்கு யாரும் உறை ஊத்தலை, அவ்வளவுதான்" என்றேன். என் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பஞ்ச் ஒன்றை எடுத்து, காயவிடாமல் அதே தண்ணீரோடு கொண்டுபோய் அவர்கள் தொட்டியில் வைத்தேன். முதலில் இரண்டே கப்பி. பத்து நாள் கழித்து இன்னும் இரண்டு. மாமியாரே இப்போது ஸ்பஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, குளோரின் பட்டால் உறை செத்துப்போகும், தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும் என்று அடுத்த வீட்டுக்காரருக்குப் பாடம் எடுக்கிறார். ராசிப் பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது.

பழைய ஸ்பஞ்ச் கிடைக்காதவர்கள் மீன் விடாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஐந்தாறு வாரம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மீன் வகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கப்பி, பிளாட்டி, மோலி என்று ஆரம்பிக்கலாம். பொன்மீன் பெரிதாகும், நிறையக் கழிக்கும், இரண்டடி அதற்குப் பற்றாது. ஃபைட்டரில் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் காலேஜ் எலெக்‌ஷன் மாதிரி ஆகிவிடும். தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தில் பொரி போடுகிற கை இங்கே ஆகாது.

நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்கோ ஆக்சிஜன் கூடத் தேவை. ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீர் மாற்றம் ஆகாது. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் ஃபேன் காற்று படும்படி வைத்தால் போதும். மண்பானை தத்துவம்தான்: ஆவியாகும் நீர் சூட்டைக் கொண்டுபோகும். கரண்ட் போனால் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஏர் பம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. குமிழியிலிருந்து கரைவதைவிட, மேல்பரப்பு கலங்குவதால் கரையும் ஆக்சிஜன்தான் அதிகம்.

வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். இங்கேதான் எங்கள் வீட்டில் சண்டை. "மனுஷனுக்கே குடம் எண்ணிப் புடிக்கிறோம், மீனுக்கு ஒரு குடமா?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. 54-ல் கால் பங்கு 13 லிட்டர் சொச்சம், சரியாக ஒரு குடம். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். நைட்ரேட் உள்ள நீர் அல்லவா! செடிக்குத் தனியாக ஊற்றிய தண்ணீர் மிச்சமானது, சண்டையும் நின்றது.

கடைசியாக ஒன்று. மீன் அதிகமாகிவிட்டால் அம்மா மண்டபம் படித்துறையில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். கொசுவை ஒழிக்க 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா, நம் நாட்டுச் சிறு மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்கிறது. கண்ணாடியைச் சுத்தம் செய்ய என்று விற்கும் தென் அமெரிக்க சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர் பிழைப்பைக் கெடுக்கிறது. மிஞ்சியதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லையேல் நண்பனுக்குக் கொடுங்கள்.

என்னிடம் இப்போது இருபது கப்பிக் குஞ்சுகள் இருக்கின்றன. வேண்டுவோர் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு, வாய் அகன்ற பாட்டிலோடு வரவும். ஸ்பஞ்சும் ஒரு துண்டு தருகிறேன்.