கரைப்பானைத் தின்னும் நுண்ணுயிர்கள்

கியா பார்மின் காய்கறிச் சரிவுகளிலும் அண்டையிலுள்ள தேயிலை மலைகளிலும் மருந்து தெளிப்போர் ஒன்றைக் கண்டிருப்பர். போத்தலில் தெளிவாக இருக்கும் சில பூச்சிமருந்துகள் நீரில் ஊற்றியவுடன் பால்போல் வெளுத்துவிடும். பூச்சியைக் கொல்லும் சரக்கு நீரில் கரையாததால், சைலீன் போன்றதொரு கரைப்பானில் அதனைக் கரைத்து விற்கின்றனர். வெண்மையாகத் தோன்றுபவை நீரில் சிதறிய அதன் நுண்துளிகளே. சாயத்திற்குக் கலக்கும் தின்னரில் உள்ள தொலுயீனும் இதே இனத்தைச் சேர்ந்ததாகும்.

மிஞ்சிய மருந்தையும் தின்னரையும் தரையில் ஊற்றிவிட்டு, மண் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று முழுப் பொய்யன்று. அது எந்த அளவிற்கு மெய் என்பதை இங்கு ஆராய்வோம்.

பாக்டீரியாவைக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. கொழுப்பைக் கரைப்பது கரைப்பானின் இயல்பல்லவா? தின்னர் பட்ட கை வறண்டு வெளுப்பதும் அதனாலேயே. கரைப்பான் புகுந்தால் சவ்வு தளர்ந்து, உள்ளிருக்கும் உப்புகளும் சத்துகளும் ஒழுகிப்போக, உயிரணு மடிகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு தொலுயீனே பெரும்பாலான நுண்ணுயிர்களுக்குப் போதும்.

அங்ஙனமிருக்க, பாதிக்குப் பாதி தொலுயீன் ஊற்றிய திரவத்திலும் பெருகும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றை ஜப்பானிய அறிஞர்களான இனோவேயும் ஹொரிகோஷியும் 1989இல் அறிவித்தனர். அது கிடைத்ததும் மண்ணிலிருந்தே. ஆயினும் அது தொலுயீனைத் தாங்கியதேயன்றி உண்ணவில்லை. தாங்குவது வேறு, உண்பது வேறு. இரண்டும் ஒருங்கே வாய்ந்த சூடோமோனாஸ் ஒன்றை ஸ்பெயின் நாட்டின் கிரனடா நகர ஆய்வாளர்கள் 1995இல் அறிவித்தனர்.

இத்தகைய பாக்டீரியா முதலில் தன் சவ்விலுள்ள வளைந்த கொழுப்பமிலங்களை நிமிர்த்துகிறது. கோணல் விறகை அடுக்கினால் இடைவெளி விழும். நேர் விறகு நெருங்கி அமையும். அவ்வாறே சவ்வு சில நிமிடங்களில் இறுகத் தொடங்குகிறது. அதையும் மீறிப் புகும் கரைப்பானைச் சவ்வில் பதிந்துள்ள புரதப் பம்புகள், ஓட்டைப் படகில் நீர் இறைப்பது போல, ஓயாது வெளியே இறைக்கின்றன. உண்ணும் முறை இன்னும் நுட்பமானது. தொலுயீனின் நடுவே ஆறு கரியணுக்கள் கைகோத்த வளையம் உள்ளது. அதில் உயிர்வளியைப் பொருத்தி, வளையத்தை உடைத்துத் துண்டுகளை உணவாக்குகிறது. முடிவில் எஞ்சுபவை கரியமில வாயுவும் நீருமே.

இவ்வேலைக்குக் காற்று வேண்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் ஈரமும் வெப்பமும் வேண்டும். ஒரே இடத்தில் ஒரு டின் கரைப்பானைக் கொட்டினால் அங்குள்ள நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை உண்ணத் தொடங்குமுன்பே மடிந்துவிடும். மலைக்குளிரில் எஞ்சியவற்றின் வேலையும் மந்தமாகும். மழையோ நுண்ணுயிருக்காகக் காத்திராது. சரிவில் கொட்டியதைக் காவாய் வழியே ஆற்றில் சேர்த்துவிடும். மேலும், கரைப்பான் மறைந்தாலும் அதில் கரைந்திருந்த நஞ்சு உடன் மறைந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. எந்திரப் பிசுக்கைக் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் இன்னும் பிடிவாதமானது. காற்றில்லா மண்ணில் சில பாக்டீரியாக்கள் அதன் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும்; வேலை பாதியில் நின்றாலோ புற்றுநோய் விளைக்கும் வைனைல் குளோரைடு தங்கிவிடும்.

அளவு மீறினால் நேர்வதை நம் நாடே கண்டது. 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங் வட்டாரத்தில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. காற்றில் கண்டறியப்பட்டவற்றுள் தொலுயீனும் சைலீனும் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நுண்ணுயிர்கள் தின்னட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. நஞ்சேறிய மண்ணையும் நீரையும் ஆட்கள் அகற்ற வேண்டியதாயிற்று.

தோட்டத்திலோ வழி எளிது. காலிப் போத்தலை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிப்புத் தொட்டியிலேயே சேர்த்து அதே பயிருக்கு அடித்துவிடலாம். தூரிகை கழுவிய தின்னரை மூடி வைத்தால் சாயம் அடியில் படியும்; மேலே தெளிந்ததை மறுமுறையும் பயன்படுத்தலாம்.