வீழ்த்தும் கலையில் விளங்கும் இயற்பியல்

வலியோனை மெலியோன் வீழ்த்துதல் கூடுமோ? கூடும் என்று காட்டியவர் ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ (1860–1938). பழைய ஜுஜுத்சு மரபுகளைக் கற்றுத் தேர்ந்த அவர், 1882இல் டோக்கியோவில் கோடோகான் பயிற்சிக்கூடத்தை நிறுவி, ஜூடோ கலையை வகுத்தளித்தார்.

இக்கலையின் முதற்படி 'குசுஷி'. நிலைகுலையச் செய்தல் என்பது அதன் பொருள். அசையாது நிற்கும் ஒருவரது ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் செங்குத்துக்கோடு, அவர்தம் பாதங்கள் சூழ்ந்த பரப்பிற்குள் அமையும்வரை அவர் வீழார். எதிராளி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல், அவர் வரும் திசையிலேயே இழுத்தால் அக்கோடு பரப்பைக் கடந்துவிடும்.

'ஓகோஷி' எனும் இடுப்பு எறிதலைக் காண்போம். எறிபவர் முழங்கால்களை மடக்கித் தம் இடுப்பை எதிராளியின் ஈர்ப்பு மையத்திற்குக் கீழே செலுத்துகிறார். நெம்புகோலுக்குத் தாங்குபுள்ளி போல இடுப்பு நிற்கிறது. கைகளின் இழுப்பு எதிராளியின் உடலைச் சுழற்றுகிறது. சிறுவிசை பெருஞ்சுமையைப் புரட்டும் விந்தை இதுவே.

வீழ்பவரைக் காப்பதும் அறிவியலே. மோதும் நேரம் நீண்டால் விசை குறையும். மோதும் பரப்பு விரிந்தால் அழுத்தம் குறையும். இவ்விரு விதிகளின்வழி அமைந்ததே 'உகேமி' எனும் விழும் முறை. பின்புறம் விழுபவர் மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்து, முதுகை வளைத்து உருண்டு, கைகளால் தரையை அறைவார். இம்முறை கைவராத மாணவரை எறிதல் பெருந்தீங்கு. ஜப்பானியப் பள்ளிகளிலேயே தலையில் அடிபட்டு மாணவர் இறந்ததுண்டு.

ஆற்றலைச் சாலச் சிறந்த முறையில் பயன்படுத்துக என்பது கானோவின் கோட்பாடு. வீழ்த்தக் கற்குமுன் விழக் கற்பதும் அதனுள் அடங்கும்.