லீவர் சொல்வதை நம்பலாமா?

நம்பிக்கை: லீவரை ‘பார்க்’குக்குத் தள்ளியாச்சு, இனி கார் நகராது.

உண்மை: பழைய ஆட்டோமேட்டிக் கார்களில் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஒரு கேபிள் ஓடும். லீவர் நகர்ந்தால் உள்ளேயும் நகரும். இன்றைய பல கார்களில் அந்தக் கேபிளே இல்லை. லீவருக்கு அடியில் உள்ள சென்சார்கள் கையசைவைப் படித்துக் கணினிக்குச் சொல்ல, அதுதான் கியரை மாற்றுகிறது. நாம் போடுவது விண்ணப்பம், அவ்வளவுதான்.

2014, 2015 ஆண்டுகளின் ஜீப் கிராண்ட் செரோக்கியில் லீவரை எங்கே தள்ளினாலும், கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பிவிடும். பார்க்கில் போட்டுவிட்டோம் என்று நினைத்துப் பலர் இறங்கினார்கள், கார்கள் உருண்டன. 2016 ஏப்ரலில் அந்த மாடலும், அதே லீவர் கொண்ட வேறு சில மாடல்களுமாக 11 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஜூனில், லாஸ் ஏஞ்சலிஸில், நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவில் உருண்டு வந்த தன் கிராண்ட் செரோக்கிக்கும் ஒரு தூணுக்கும் நடுவே சிக்கி இறந்தார். வயது 27. திரும்ப அழைக்கப்பட்ட மாடல்தான் அது. இறங்குமுன் மீட்டரில் எந்த எழுத்து எரிகிறது என்று ஒரு நொடி பாருங்கள், தயவுசெய்து.

நம்பிக்கை: பார்க் இருக்கும்போது ஹேண்ட்பிரேக் எதற்கு?

உண்மை: பார்க்கில் காரைப் பிடித்திருப்பது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் போய் விழும் சிறிய எஃகுக் கொக்கி. மேட்டில் நிறுத்திய காரை எடுக்கும்போது ‘டடக்’ என்று அதிர்கிறதே, காரின் பாரம் முழுவதையும் அந்தக் கொக்கி சுமந்திருந்த சத்தம் அது. முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு பார்க். இந்தியாவில் 2014-இல் செலெரியோ காரோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸைத் தானாக இயக்கும்) கார்கள் பலவற்றில் பார்க் என்ற நிலையே கிடையாது. அங்கே ஹேண்ட்பிரேக்கை மறந்தால் ஆபத்துதான்.

நம்பிக்கை: மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம்.

உண்மை: டிரைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது கணினி பெரும்பாலும் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் வேண்டும். எஞ்சின் பிரேக்கும் போய்விடும்.

நம்பிக்கை: லீவர் பார்க்கை விட்டு வரவில்லையா, கியர்பாக்ஸ் போச்சு.

உண்மை: கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்கும் முன், ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லையென்றால் பெடல் மேலிருக்கும் சின்ன சுவிட்சையும் ஃப்யூஸையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்த செய்தி வந்தால்தான் லீவரின் பூட்டு திறக்கும். பல கார்களில் லீவர் அருகே சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி உள்ளே அழுத்தினால் லீவர் விடுபடும். அப்படி எடுத்த வண்டியை நேரே மெக்கானிக்கிடம் விடுங்கள். பிரேக் விளக்கு எரியாவிட்டால், நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.