தூரத்தில் போன அண்ணனும் மயிலாப்பூர்ப் புன்னை மரமும்

வேலும் மயிலும் துணை.

கூடப்பிறந்தவர் துபாயிலோ டொராண்டோவிலோ இறந்துபோனால், இங்கே இருக்கிற தம்பி தங்கைக்கு ஒரு தனிக் கஷ்டம். விசா கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது. காரியம் முழுக்க போன் திரையில் நடக்கும். அழுகைகூட சரியா வராது. ஏன்னா அந்த அண்ணன் பல வருஷமா போனில்தான் இருந்தார். வாட்ஸப்பில் அவர் படம் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனா, கூப்பிடுவார்னு மனசு காத்திருக்கும். அப்படி ஒருத்தரை நினைச்சுத்தான் இன்றைய பாடம்.

பெரியபுராணத்தில் திலகவதியார் கதை தெரியுமில்லையா? திருவாமூரில் அப்பா புகழனார் போனார், அம்மா மாதினியாரும் போனார். அதோடு, திலகவதியாருக்கு நிச்சயம் பேசியிருந்த கலிப்பகையார் வடக்கே போருக்குப் போன இடத்தில் உயிர்விட்டார்னு செய்தி மட்டும் வந்தது. உடம்பைக்கூட பார்க்கலை. அவரும் உயிரை விடத் துணிந்தார். தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து அழுதார்: நீங்க போனா நான் முன்னாடியே போயிடுவேன் என்று. தம்பிக்காக அக்கா இருந்தார். அந்தத் தம்பிதான் பின்னாளில் அப்பர் பெருமான்.

நான் கவனிச்ச ஒரு விஷயம், அந்த இடத்தில் யாரும் திலகவதியாருக்குத் தத்துவம் சொல்லலை. நாமும் துக்கத்தில் இருப்பவரிடம் "முருகன் கூப்பிட்டுக்கிட்டான்" என்று சொல்லாமல் இருப்பது நல்லது. கேட்கிறவருக்கு முருகன் மேலேயே கோபம் வரும்.

அடுத்து மருள்நீக்கியார் என்ன செய்தார்? உலகம் நிலைக்காதுன்னு உணர்ந்து அறச்சாலை, தண்ணீர்ப்பந்தல் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் வெட்டினார் என்கிறார் சேக்கிழார். வீட்டில் இத்தனை சாவு பார்த்த பிள்ளை மண்ணைத் தொட்டு வேலை செய்யப் போயிருக்கு, பாருங்க.

"தீட்டு இருக்கே, கோயிலுக்குப் போக முடியாதே" என்று நிறைய பேர் கேட்கிறாங்க. எத்தனை நாள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. மனசுக்குள்ளே சரவணபவ சொல்வதற்குத் தீட்டு கிடையாது. அது மட்டுமில்லை, திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகன் இருக்கும் இடங்களைச் சொல்லும்போது படைவீடுகளோடு நிறுத்தவில்லை. காடு, சோலை, ஆறு, குளம், தெருக்கள் கூடும் சந்தி, புதுசா பூத்த கடம்ப மரம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கு, நடந்து போனா கடற்கரை இருக்கு. அங்கே உட்கார எந்த நாள் கணக்கும் இல்லை.

நாள் கழிந்ததும் கபாலீஸ்வரர் கோயிலுக்கு வாங்க. சிங்காரவேலரைக் கும்பிட்டுவிட்டு, பிராகாரத்தில் தலவிருட்சமான புன்னை மரத்தடியில் கொஞ்ச நேரம் நில்லுங்க. அம்பாள் மயிலாக வந்து பூஜை செய்ததாக ஐதீகம் சொல்லும் இடம் அது. புன்னை நெய்தல் நிலத்து மரம், உப்புக்காற்றைத் தாங்கும். பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்பார்கள். கோயில் இடம் மாறினாலும் தலமரம் அதே கடலோர மரம்தான். அதன் காய் தண்ணீரில் மிதக்கும். கடல் அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ ஒரு கரையில் போட, அங்கே முளைக்கும். வெளிநாடு போன அண்ணனை நினைக்க இந்த மரம் பொருத்தம்தான்.

நற்றிணை 172ஆம் பாட்டு படிச்சிருக்கீங்களா? பெண்கள் விளையாட்டாக மணலில் அழுத்திவைத்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா, இந்த மரம் உங்களைவிடச் சிறந்தது, உங்க கூடப்பிறந்தவள் என்கிறாள். அதனால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவே அவளுக்குக் கூச்சம்! மரத்தை உடன்பிறப்பாக எண்ணுவது நம்ம ஊரில் எவ்வளவு பழசு, பாருங்க.

அதனால ஒரு செடி வையுங்க. புன்னை பெரிசா வளரும், தெருவிலோ காலி மனையிலோ இடம் இருந்தா மட்டும் வைக்கலாம், கேட்டுக்கொண்டு வையுங்க. பிளாட்டில் இருப்பவர்களுக்குப் பால்கனியில் ஒரு துளசியோ அண்ணனுக்குப் பிடிச்ச மல்லியோ போதும். கோயில் மரத்தில் கிள்ளாதீங்க, நர்சரியில் வாங்குங்க. அவர் போன் பண்ணும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் தண்ணீர் ஊத்துங்க. அன்னைக்கு நடந்ததை அவரிடம் சொல்வது போலவே சொல்லுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க. பார்த்தாலும் பரவாயில்லை.

செடி பட்டுப்போனா அபசகுனம்னு நினைக்காதீங்க. வெயில் அதிகம், அவ்வளவுதான். இன்னொன்று வையுங்க.

திலகவதியாருக்கு வந்த மாதிரி உயிர்மேலேயே வெறுப்பு வந்தால், செடியோடு நிறுத்தாதீங்க. பக்கத்தில் இருப்பவரிடம் உடனே வாய்விட்டுச் சொல்லுங்க. அரசின் டெலிமானஸ் எண் 14416, ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம்.

அண்ணனை இழந்த நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், இந்தப் பதிவை அனுப்புவதோடு இந்த வாரம் ஒரு நாள் நேரில் போய் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்க.

முருகா சரணம்.