குயவனும் களிமண்ணும்: கிறித்தவரின் படைப்புக் கொள்கை

கார்த்திகைத் தீபம் நெருங்கும் நாள்களில் நம் வட்டாரத்துக் குயவர் முற்றங்களில் அகல்விளக்குகள் காய்வதைக் காண்கிறோம். மண் இருந்தது, திரிகை சுழன்றது, குயவன் வனைந்தான், அகல் பிறந்தது. உலகத் தோற்றத்தை விளக்கச் சைவ சித்தாந்திகள் எடுத்தாளும் உவமையும் இதுவே. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே இறைவன் தன் சத்தியைத் துணையாகக் கொண்டு மாயையிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான் என்பர். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. 13ஆம் நூற்றாண்டில் இதனைச் சிவஞானபோதத்தில் வகுத்துரைத்த மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை.

இக்குயவனைக் கிறித்தவ மறையும் அறியும். விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தில் படைப்பு இருமுறை சொல்லப்படுகிறது. முதல் அதிகாரத்தில் கடவுள் சொல்லச் சொல்ல, ஒளி முதல் மனிதன் ஈறாக யாவும் ஆறு நாள்களில் உண்டாகின்றன. இரண்டாம் அதிகாரத்திலோ அவர் மண்ணால் மனிதனை உருவாக்கி, நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார். அங்கு வரும் எபிரேய வினை, குயவன் வனைதலைக் குறிக்கும் வினையே. முதல் அதிகாரத்தின் தொடக்கத்தில் உள்ள வினை வேறு. 'பாரா' என்பது அது. படைத்தல் என்னும் பொருளில் அதற்குக் கடவுள் ஒருவரே எழுவாயாக வருவார்.

ஆக, உவமை பொதுவானது. வேறுபாடு மண்ணில் இருக்கிறது. அம்மண் எங்கிருந்து வந்தது? அதனையும் குயவனே உண்டாக்கினான், இன்மையிலிருந்து உண்டாக்கினான் என்பது கிறித்தவரின் விடை. ஆதியாகமம் இதனை இவ்வளவு வெளிப்படையாகக் கூறவில்லை. கத்தோலிக்கர் ஏற்கும் மக்கபேயர் இரண்டாம் நூலில், கொலைக்களத்தில் நிற்கும் கடைசி மகனுக்குத் தைரியம் சொல்லும் ஒரு தாயின் வாயிலிருந்தே இக்கருத்து தெளிவாக வருகிறது. தத்துவம் பிறந்த இடம் பள்ளிக்கூடம் அன்று என்பது கவனிக்கத்தக்கது.

உயிர் பற்றிய கருத்தும் இதனோடு பிணைந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம் ஆகிய நூல்களைத் தமிழில் எழுதினார். உயிர் அநாதி என்றால் முன்வினையும் மறுபிறவியும் தொடரும். உயிர் படைக்கப்பட்டது என்றாலோ முற்பிறவிக்கே இடமில்லை. அப்படியாயின் ஒருவன் குருடனாகப் பிறப்பதேன்? சித்தாந்தியிடம் வினை என்ற விடை உண்டு. யோவான் நற்செய்தியில் சீடர்கள் இதே வினாவை எழுப்ப, அவன் செய்த பாவமும் அன்று, பெற்றோர் செய்ததும் அன்று என்று இயேசு மறுக்கிறார். துன்பத்துக்குக் கணக்குக் காட்டும் வசதியைக் கிறித்தவம் இங்கே இழக்கிறது. பிறவிக் குறையைப் பிறந்தவன் தலையில் சுமத்தாத நன்மையை அடைகிறது. இரண்டில் எது பெரிதென்பதில் நான் பின்னதன் பக்கம்.

விலங்கியல் மாணவர் டார்வினைப் பற்றிக் கேட்பர். ஆறு நாள்களை எழுத்துக்கு எழுத்து நம்பும் கிறித்தவர் இன்றும் உளர். ஆயினும் அவை நம் நாள்களைப் போன்றவை அல்ல என்று 5ஆம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீன் எழுதினார். மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என ஆராயத் தடையில்லை, ஆன்மாவை மட்டும் கடவுளே நேராகப் படைக்கிறார் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தார். உடலுக்கு மண், உயிருக்கு மூச்சு என்ற பழைய இரண்டாம் அதிகாரத்தின் பிரிவினையே இது.