ஈறும் முதலும்: தமிழ் அந்தாதி மரபும் ஜப்பானியச் சொற்சங்கிலி விளையாட்டும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு பாடல் முடியும் எழுத்தில் அடுத்த பாடலைத் தொடங்கும் விளையாட்டு தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் உண்டு. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றாயினும் விதிகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டிற்கு ஆடுவோர் விருப்பம் காரணமன்று. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளின் அமைப்பே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தமிழுக்குப் பொருந்தும் விதியொன்றையும் இலக்கண அடிப்படையில் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அந்தாதி, மொழிமுதல், மொழியிறுதி, ஷிரிதோரி, பாட்டுக்குப் பாட்டு, முதற்குறிப்பு

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூரை அடுத்துள்ள வல்லக்கோட்டை, அருணகிரிநாதரின் திருப்புகழில் கோடைநகர் எனப் போற்றப்படும் முருகன் தலமாகும். கந்தரந்தாதியைப் பாடியவரும் அருணகிரிநாதரே. அந்தாதி பாடிய புலவரின் பாடல்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்து இன்று தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. ஒரகடத்தில் ரெனோ-நிசான் மகிழுந்து ஆலை 2010இல் உற்பத்தியைத் தொடங்கியது. வல்லம் வடகாலில் யமஹா ஆலை இயங்குகிறது. இதனால் ஜப்பானிய மொழியைக் கற்பது இப்பகுதி இளைஞர்க்கு வாழ்வாதாரத்தோடு தொடர்புடையதாயிற்று. இருமொழியாளர் கூடும் இடத்தில் பாட்டு விளையாட்டு எளிய பாலமாக அமையக்கூடும். எனினும் ஒரு மொழியின் விதியை மற்றொன்றின்மேல் அப்படியே ஏற்றினால் விளையாட்டு நின்றுபோகும். அது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஜப்பானிய மரபு

ஜப்பானியச் சொற்சங்கிலி விளையாட்டு ஷிரிதோரி எனப்படும். 'கடைப்பகுதியை எடுத்தல்' என்பது இப்பெயரின் பொருள். முன்னவர் சொன்ன சொல்லின் இறுதி அசையெழுத்தில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் சொல்லவேண்டும். 'ன்' ஒலிக்குரிய எழுத்தில் முடியும் சொல்லைக் கூறியவர் தோற்றவராவார். அவ்வெழுத்தில் தொடங்கும் சொல் ஜப்பானிய மொழியில் இல்லை என்பதே காரணம்.

கோபே நகரில் 1971இல் டைசுகே இனோவே உருவாக்கிய கருவியோடு கரோக்கி பரவத் தொடங்கியது. கரோக்கியில் இவ்விளையாட்டை ஆடுவோர் பாடலின் தலைப்பைச் சங்கிலியாகத் தொடுப்பர். 'ட்சுகாரு கைக்கியோ ஃபுயுகெஷிகி' (1977) 'கி' என முடிகிறது. அதனைத் தொடர்ந்து 'கிதாகுனி நோ ஹாரு' (1977) வரலாம். அது 'ரு' என முடிவதால் 'ரூபி நோ யுபிவா' (1981) வரலாம். இம்மூன்றாம் தலைப்பு ஆய்விற்கு இன்றியமையாதது. பழைய ஜப்பானிய இயற்சொற்களில் ரகரம் மொழிமுதலாவதில்லை. ஆனால் அகராதி வடிவிலுள்ள வினைச்சொற்களுள் பல 'ரு' என முடிகின்றன. ஆகவே 'ரு' என முடியும் சொற்கள் மிகுதி, 'ரு' எனத் தொடங்கும் சொற்கள் குறைவு. தேர்ந்த ஆட்டக்காரர் எதிரியை 'ரு'வில் நிறுத்துவது இதனாலேயே. மேற்கண்ட சங்கிலியை அறுபடாமல் காத்தது மாணிக்கக் கல்லைக் குறிக்கும் 'ரூபி' என்னும் அயற்சொல்.

எழுத்திற்கும் ஒலிக்கும் இடையிலான பூசலும் அங்கு உண்டு. கியூ சகமோட்டோ 1961இல் பாடிய 'உயே ஓ முயிதே அருகோ' என்னும் பாடலின் தலைப்பு எழுத்தில் 'உ' என முடிகிறது. ஒலியில் நெடிலான 'ஓ' என முடிகிறது. எதைப் பற்றித் தொடர்வது என்பதை ஆடுவோர் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வர்.

தமிழில் ஈறும் முதலும்

தொல்காப்பியம் உயிர் பன்னிரண்டையும் மொழிமுதலாகக் கொள்கிறது. மெய்களுள் க, த, ந, ப, ம என்பன எல்லா உயிரோடும், ச, வ, ஞ, ய என்பன வரையறைக்கு உட்பட்டும் மொழிமுதலாகின்றன. நன்னூல் இவ்வரையறையைத் தளர்த்தி ஙகரத்தையும் சேர்க்கிறது. அதன்படி மொழிமுதல் எழுத்துகள் 103. அவ்வாறு தளர்த்திய பின்னும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு மெய்கள் மொழிமுதலாவதில்லை.

இனி ஈற்றை நோக்குக. நன்னூல் மொழியிறுதிக்குரிய மெய்களாக ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள என்னும் பதினொன்றைக் கூறுகிறது. இவற்றுள் ஞ், ந், வ் ஆகியவற்றில் முடியும் சொற்கள் மிக அரியன. எஞ்சிய எட்டனுள் மகரமும் யகரமுமே மொழிமுதலாகும் தகுதியுடையவை. ண், ன், ர், ல், ழ், ள் என்னும் ஆறும் அத்தகுதி அற்றவை. பன்மை விகுதி ளகரத்தில் முடிகிறது. மரியாதை விகுதி ரகரத்தில் முடிகிறது. தன்மை ஒருமை வினை னகரத்தில் முடிகிறது. டகர, றகர மெய்களும் 'பாட்டு', 'காற்று' போன்ற குற்றியலுகரச் சொற்களின் ஈற்றில் நிற்கின்றன.

ஜப்பானிய மொழியில் தொடக்கத்திற்கு உதவாத ஈறு விதிவிலக்கு. தமிழில் அதுவே பெருவழக்கு. ஆகவே 'அவ்வெழுத்தில் முடித்தவர் தோற்றார்' என்னும் ஜப்பானிய விதியைத் தமிழில் கொண்டால் ஆட்டம் ஓரிரு சுற்றில் முடிந்துவிடும்.

அந்தாதியின் தீர்வு

இச்சிக்கல் தமிழ் யாப்பியலுக்குப் புதியதன்று. யாப்பருங்கலக்காரிகை உரைமரபு அந்தாதித் தொடையை எழுத்து, அசை, சீர், அடி எனப் பல அளவுகளில் விளக்குகிறது. ஆயினும் காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி, அபிராமிபட்டரின் அபிராமி அந்தாதி போன்ற நூல்களில் ஒரு பாடலையும் அடுத்த பாடலையும் இணைப்பது பெரும்பாலும் சொல்லோ சீரோ ஆகும். நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஆயிரத்திற்கும் மேற்பட்ட பாசுரங்களை இவ்வாறே இணைக்கிறது. சொல்லை மீட்டும் முதலாக வைத்தால் ஈற்றெழுத்து எதுவாயினும் தடையில்லை. எழுத்தந்தாதி அருகியும் சொல்லளவிலான அந்தாதி பெருகியும் வளர்ந்ததற்குத் தமிழின் ஈறு-முதல் இடைவெளி ஒரு காரணமாதல் கூடும்.

பாட்டுக்குப் பாட்டும் அதன் விதியும்

இலங்கை வானொலியிலும் பின்னர்ச் சன் தொலைக்காட்சியிலும் பி.எச்.அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' இவ்விளையாட்டைத் தமிழர் வாழும் நாடெங்கும் கொண்டுசென்றது. இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஜப்பானியப் பாடலுக்குத் தனித் தலைப்பு உண்டு. தமிழ்த் திரைப்பாடல் பெரும்பாலும் அதன் முதலடியாலேயே அறியப்படுகிறது. ஆகவே ஜப்பானியர் தலைப்பின் ஈற்றையும், தமிழர் பாடி நிறுத்திய இடத்தின் ஈற்றையும் பற்றுகின்றனர். முன்னது மாறாதது, பின்னது பாடுவோர் திறத்தால் மாறுவது.

தமிழுக்குரிய விதியைப் புணரியலிலிருந்தே வகுக்கலாம். 'மணி' என்பதை இலக்கணம் ணகர ஈறு எனக் கூறுவதில்லை. இகர ஈறு என்றே கூறுகிறது. இந்நோக்கில் பின்வரும் படிநிலை பொருந்தும்:

1. ஈற்றெழுத்து மொழிமுதலாகுமாயின் அதையே கொள்க. மகர, யகர மெய்களுக்கு அவ்வவ் வரிசையைக் கொள்க.
2. மொழிமுதலாகாத உயிர்மெய்யாயின் அதன் உயிரைக் கொள்க. 'மணி' என்பதற்கு 'இ', 'பாட்டு' என்பதற்கு 'உ'.
3. மொழிமுதலாகாத மெய்யாயின் அதற்கு முன்னின்ற எழுத்தைக் கொண்டு மேலை விதிகளைப் பொருத்துக. 'தமிழ்' என்பதற்கு 'மி'. 'மலர்' என்பதற்கு லகரம் மொழிமுதலாகாமையின் 'அ'.

ரகர, லகரத் தொடக்கங்களை அறவே விலக்கவேண்டியதில்லை. 'ராமன்' என்பதை 'இராமன்' எனவும் 'லட்சம்' என்பதை 'இலட்சம்' எனவும் எழுதும் மரபு இருத்தலின், ஆடுவோர் இரண்டில் ஒன்றை முன்னரே வரையறுக்கலாம். ஜப்பானிய மொழியில் 'ரூபி' செய்த பணியையே இங்கு 'ராசா', 'ரோசா' போன்ற சொற்கள் செய்கின்றன. இவ்வொற்றுமையை இருமொழி உறவிற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. சுசுமு ஓனோவின் தமிழ்-ஜப்பானிய ஒப்பீட்டை நாம் நன்கறிவோம். எனினும் ரகரம் மொழிமுதலாகாமை துருக்கிய, மங்கோலிய மொழிகளிலும் காணப்படும் பொதுப்பண்பாகும்.

தொடக்கத்தால் பாடலைத் தேர்தல்

ஹியாகுனின் இஷ்ஷு என்னும் நூறு பாடல் தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட ஜப்பானியச் சீட்டு விளையாட்டில், முதல் அசையைக் கேட்டவுடனே இன்ன பாடல் எனத் துணியத்தக்கவை ஏழு மட்டுமே. 'அ' எனத் தொடங்குவன பதினாறு. அரிய தொடக்கங்களை அறிந்தவரே அதில் முந்துகின்றனர். தமிழிலும் அதற்குரிய கருவி முன்பே உள்ளது. நம் பதிப்பாசிரியர்கள் நூலிறுதியில் சேர்த்த பாட்டு முதற்குறிப்பு அகராதி, எத்தொடக்கம் மிகுதி, எது அரிது என்பதை ஒரே பார்வையில் காட்டும். திரைப்பாடல்களுக்கும் இவ்வாறு முதற்குறிப்பும் ஈற்றுக்குறிப்பும் சேர்ந்த அகராதி அமைப்பின், அது விளையாட்டிற்கும் மொழியமைப்பு ஆய்விற்கும் ஒருங்கே பயன்படும்.

முடிவுரை

மொழிமுதல், மொழியிறுதி பற்றிய நூற்பாக்கள் மனப்பாடத்திற்குரிய பட்டியலாக மட்டும் வகுப்பறையில் கற்பிக்கப்படுகின்றன. ழகரம் கிடைத்தவர் பாட முடியாமல் நிற்கும் கணத்தில் அந்நூற்பாக்கள் இன்றும் செயற்படுவதைக் காணலாம். அவரைத் தோற்றவர் என்பது மொழியின் இயல்பிற்கு அவரைப் பொறுப்பாக்குவதாகும். ஒரகடம் பகுதியில் ஜப்பானிய மொழி பயிலும் தமிழர்க்கு ஷிரிதோரியும், தமிழ் பயில விழையும் ஜப்பானியர்க்கு மேற்கண்ட மூவிதிப் பாட்டுத்தொடரும் எழுத்தியல்பைக் கற்பிக்கும் வாயில்களாகும். இரண்டையும் அருகருகே ஆடும்போது, 'ன்' ஒன்றற்கே அஞ்சும் மொழிக்கும் எட்டு மெய்களைக் கடந்து பாடும் மொழிக்கும் உள்ள வேறுபாடு கற்போர்க்குத் தானே புலனாகும்.