கல்லீரலுக்குக் காத்திருக்கையில் காலைக் கவனியுங்கள்

கல்லீரல் மாற்று அறுவைக்காக என் கணவர் பெயரைப் பதிவு செய்திருக்கிறோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், 'தசை ரொம்பக் குறைவு' என்று கவலைப்படுகிறார். கல்லீரலுக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்? உறவினர்களோ பருப்பு, முட்டை கூடாது என்கிறார்கள். – வாசகி, திருச்சி

நெருங்கிய சம்பந்தம், சகோதரி. சுருங்கிப்போன கல்லீரலால் இரவுக்குத் தேவையான சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. உடம்பு தசையைக் கரைத்து ஈடுகட்டும். கீழ்முதுகின் 3-ஆவது எலும்பு மட்டத்தில் சி.டி. படம் எடுத்து, தசையின் பரப்பை அளப்பார்கள். அது குறைந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் நோய்த்தொற்றும் ஐ.சி.யூ. நாட்களும் கூடுவதால்தான் டாக்டரின் கவலை. எடை மிஷினை நம்பாதீர்கள்; வயிற்றில் நீர் கோத்திருந்தால் அது பொய் சொல்லும்.

உறவினர்கள் ஒப்பிப்பது பழைய பாடம். இன்றைய பரிந்துரை, நீர் கோப்பதற்கு முன்பிருந்த எடையில் கிலோவுக்குத் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம். ஆகவே பருப்பு, முட்டை, தயிர், சுண்டல் எல்லாம் கொடுங்கள். கட்டுப்பாடு உப்புக்குத்தான்: ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒளித்துவையுங்கள். பகலில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடட்டும். படுக்கும் முன் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால் கட்டாயம். இரவுப் பட்டினிதான் தசைக்கு முதல் எதிரி.

தினமும் நடக்கட்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகட்டும். அடுத்த முறை போகும்போது, உணவியல் நிபுணரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.